கேட்டுவிட்டுப் போனவள்

அன்புள்ள அக்கா,

நேற்றுக் காலை என் அண்ணனுக்கு முகம் மழித்துவிட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். இடது கையால் மழிக்கப்போய்க் கன்னத்தைக் கீறிக்கொண்டார். “இத்தனை வருஷம் நர்ஸா இருந்தியே, வா, வந்து நீயே செய்” என்று பிரஷை நீட்டினார். கிண்ணத்தில் சவர்க்காரத்தைக் குழைத்தேன். நுரை எழுந்ததும் வந்த வாசனையில் என் கை அப்படியே நின்றுவிட்டது.

“என்ன ஆச்சு?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்ல. தாடையத் தூக்குங்க.”

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அடக்கத்தன்று மாதா கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகளிடம் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொன்னதோடு சரி. உங்களிடம் சொல்ல வேண்டியதை வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம்.

அது எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பது வயது ஆகவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றலாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. உங்கள் கணவர் அந்தோணி அண்ணன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேண்டீனில் பரோட்டாவைப் பிட்டுக்கொண்டே யாரிடமோ சிரித்துப் பேசியவர், தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்துவிட்டாராம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோதே சுவாசக் கருவியில்தான் இருந்தார்.

மறுநாள் நீங்கள் தஞ்சோங் பகார் வீட்டிலிருந்து அவருடைய சவரச் சாமான்களைத் துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

“மிஸ்ஸி, அவருக்கு ஒரு நாள் தாடி இருந்தாலே பிடிக்காது. நாளைக்கு முழிச்சா என்னைத்தான் திட்டுவாரு.”

தாதிகளான எங்கள் எல்லோரையும் அந்தக் காலத்தில் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். எனக்கு அது பெயராகவே ஆகிவிட்டது, உங்கள் வாயில் கடைசி வரைக்கும். நீங்கள் சவர்க்காரத்தை நுரைத்துக் கொடுத்தீர்கள், நேற்று எழுந்த அதே வாசனை. வாயிலிருந்த குழாய் அசையாமல் நான் மழித்தேன். “அந்தப் பக்கம் மீசை கொஞ்சம் கோணல்” என்று நீங்கள் திருத்தியதுகூட நினைவிருக்கிறது.

வியாழக்கிழமை காலை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக வந்து சோதித்தார்கள். கண்ணில் விளக்கடித்தார்கள். பஞ்சு நுனியால் விழியைத் தொட்டார்கள். காதில் குளிர்ந்த நீர் விட்டார்கள். கடைசியாகச் சுவாசக் கருவியைக் கழற்றி, மூச்சு தானாக வருகிறதா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். பல நிமிடங்கள். அவருடைய நெஞ்சு அசையவில்லை. நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்து இறந்த நேரத்தை எழுதினார். எழுதிவிட்டு, கருவியைத் திரும்ப மாட்டச் சொன்னார்.

அந்தக் கணத்திலிருந்து என் வேலை மாறியது. மாறவில்லை என்றும் சொல்லலாம். மூளை இறந்தபின் உடம்பை நடத்த ஆளில்லை. சூடு இறங்கும், போர்வை போட வேண்டும். ரத்த அழுத்தம் விழும். மருந்தை ஏற்றி நிறுத்த வேண்டும். சிறுநீர் அணை உடைந்ததுபோலக் கொட்டும். மணிக்கு மணி அளந்து, அந்த அளவுக்கு நரம்பில் நீர் ஏற்ற வேண்டும். இமை மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, நெஞ்சிலிருந்து சளி எடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. உயிரோடு இருப்பவருக்குச் செய்வதைவிட அதிகம். ஒன்றைத் தவறவிட்டாலும் சிறுநீரகம் கெட்டுவிடும். கெட்டுவிட்டால், நீங்கள் சம்மதித்தாலும் கொடுக்க ஒன்றும் இருக்காது. நீங்கள் சம்மதிப்பீர்களா என்பதோ யாருக்கும் தெரியாது. விபத்தில் இறந்தவர்கள் முன்பே மறுத்திருக்காவிட்டால் சிறுநீரகத்தை எடுக்கலாம் என்று அப்போதுதான் புதிதாகச் சட்டம் வந்திருந்தது. நோயால் இறந்தவர்களுக்கு அது பொருந்தாது. வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

உங்களையும் உங்கள் மாமியாரையும் சின்ன அறைக்கு அழைத்துவந்தார்கள். மருத்துவர் சீனர், மென்மையானவர், ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் சொல்வது என் பொறுப்பு. ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், நான் அன்று அவசரப்பட்டுச் சொன்ன அந்த முதல் வாக்கியத்தை.

“அக்கா, அண்ணனோட மூளை செத்துப்போச்சு.”

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது.

“மூளை மட்டும்தானே மிஸ்ஸி? மத்ததெல்லாம் நல்லாருக்குல்ல? கை சூடா இருக்கு, நான் இப்பதான் தொட்டுப் பாத்தேன்.”

என்னால்தான் அந்த வெளிச்சம் வந்தது. அதை நானேதான் அணைக்கவும் வேண்டியிருந்தது. “இல்லக்கா. நான் சொன்னது தப்பு. அண்ணன் இறந்துட்டார். காலைலயே இறந்துட்டார். மூச்சு விடுறது மெஷின்தான், அவர் இல்ல.”

நீங்கள் அழவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினீர்கள். உங்கள் மாமியார்தான் “அந்தோணி” என்று ஒரே ஒரு தடவை கத்தினார். மருத்துவர் வெகுநேரம் காத்திருந்துதான், சிறுநீரகத்தையும் கண்களையும் கொடுக்க விருப்பமா என்று கேட்டார். அதையும் நான்தான் தமிழில் கேட்டேன்.

அண்ணனின் அம்மா என் கையைத் தட்டிவிட்டார். “கடைசி நாள்ல ஆண்டவர் எழுப்பும்போது என் புள்ள கண்ணு தெரியாமத் தடவிக்கிட்டு நிக்கணுமா? போங்க, போங்க எல்லாரும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் சரிதான், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்” என்று சொல்லிவிட்டு நான் கட்டிலுக்குத் திரும்பினேன். புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் வந்திருந்தது.

நீங்கள் என் பின்னாலேயே வந்திருந்தீர்கள். நான் கவனிக்கவில்லை. வழக்கம்போல அவர் தோளைத் தொட்டு, “அண்ணே, இந்தப் பக்கம் திருப்புறேன், கொஞ்சம் குளிரும்” என்றேன்.

“யார்கிட்ட பேசுறீங்க மிஸ்ஸி?”

திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“செத்துட்டாருன்னு இப்பதான சொன்னீங்க? செத்தவர்கிட்ட குளிரும்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அப்ப அவர் இருக்காருதானே? என்கிட்ட பொய் சொல்றீங்களா?”

“பொய் இல்லக்கா. அவர் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லாமத் தொடுறதுக்கு எனக்கு வரல” என்றேன்.

நீங்கள் கட்டிலருகே வந்து, தொங்கிய பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். “இதெல்லாம் எதுக்கு ஏத்துறீங்க, செத்தவருக்கு?”

“நீங்க சரின்னு சொன்னா கிட்னி நல்லபடியா இருக்கணும். அதுக்குத்தான். வேண்டாம்னு சொன்னா எல்லாத்தையும் எடுத்துருவோம்.”

“அப்ப நீங்க வேற யாரோ ஒருத்தருக்காகத்தான் இவரைப் பாத்துக்கிறீங்க.”

“ஆமாக்கா. அண்ணனுக்காகவும்தான்.”

“ரெண்டுல எது கூட?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சொன்னதும், வேலை போய்விடும் என்று தோன்றியது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனீர்கள். உங்கள் சம்மதம் என்னால் போயிற்று என்றே நினைத்தேன்.

வெளியே நாற்காலியில் நீங்களும் உங்கள் மாமியாரும் பேசியது எனக்குப் பின்னால் நீங்கள் சொல்லித்தான் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கு அண்ணனுக்குத் தைத்த கோட்டுச் சட்டையைப் பற்றிப் பேசினீர்களாம். கோயிலில் மூன்று மாப்பிள்ளைகள் அந்த ஒரு கோட்டை இரவல் வாங்கிப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் திருப்பித் தரும்போது ஒரு பொத்தானும் இல்லை. “கோட்டையே இல்லன்னு சொல்லாத மனுஷன் அத்தை. இத இல்லன்னு சொல்லுவாரா?” என்று நீங்கள் கேட்டீர்களாம். அம்மா, “கண்ணு மட்டும் வேணாம். அது என்னைப் பாத்த கண்ணு” என்றாராம்.

அப்படித்தான் முடிவாயிற்று. சிறுநீரகங்கள் மட்டும். தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். அறுவைக்கூடம் பிற்பகலுக்குத்தான் தயாராகும் என்றார்கள். அதுவரை உட்கார்ந்திருக்கிறேன் என்று கட்டிலருகே முக்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். கையில் ஜெபமாலை. நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீர் அளந்தேன், நீர் ஏற்றினேன், அழுத்தம் பார்த்தேன். பிறகு சொட்டு மருந்தை எடுத்து அவர் கண்ணில் விட்டு, ஈரப் பஞ்சை இமைமேல் வைத்தேன்.

“மிஸ்ஸி, கண்ணு வேணாம்னுதான சொன்னோம்?”

“ஆமாக்கா.”

“பின்ன ஏன் இன்னும் மருந்து விடுறீங்க?”

“விடலன்னா வறண்டு போகும்லக்கா.”

அதைச் சொல்லும்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அடுத்த கண்ணுக்குப் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தீர்கள். மூன்று நாளில் அப்போதுதான் முதல் அழுகை. முக்காலியிலிருந்து எழுந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதீர்கள். என் கையில் சொட்டு மருந்துக் குப்பி இருந்ததால் உங்களைக் கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை.

அழுது முடித்ததும் ஒன்றைக் கேட்டீர்கள். “உள்ள என்னை விடமாட்டாங்க. நீங்க கூடப் போங்க. என்ன செஞ்சாலும் அவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யச் சொல்லுங்க.”

அறுவைக்கூடத்துக்குள் நிற்பது என் வேலை இல்லை. என் வேலை நேரம் முடியும் பொழுதும் ஆகியிருந்தது. மேற்பார்வைத் தாதியிடம் போய்க் கேட்டேன். அவரே அங்கே தொலைபேசியில் சொல்லி அனுமதி வாங்கினார். பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு அண்ணன் தலைமாட்டில் நின்றேன். சொன்னேன் அக்கா. “அண்ணே, இப்ப ஆரம்பிக்கிறாங்க.” “அண்ணே, இடது பக்கம் முடிஞ்சுச்சு.” தமிழ் தெரியாத அறுவை மருத்துவர் நான் பேசி முடிக்கும்வரை ஒவ்வொரு முறையும் கையை நிறுத்திக் காத்திருந்தார். கருவியை நிறுத்தியபோது, “அண்ணே, இனிமே சத்தம் இருக்காது” என்றேன்.

கழுவித் துடைத்து, தையல் மறைய வெள்ளைத் துணி சுற்றி, உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்கள் குனிந்து நெற்றியில் சிலுவை போட்டீர்கள். “சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். “சொன்னேன்” என்றேன்.

இதுவரைக்கும் எனக்குப் பெருமை இருக்கிறது. இனிமேல் சொல்லப்போவதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் உங்களைப் பார்க்க வரவில்லை. அண்ணன் அடக்கத்தன்று எனக்குக் காலை வேலை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு கட்டில், வேறு ஆள். மருத்துவமனையிலிருந்து தட்டச்சு செய்த நன்றிக் கடிதம் ஒன்று உங்களுக்குப் போயிருக்கும். அது போதும் என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில், மீன் கடைகளுக்கு நடுவே உங்களைப் பார்த்தேன். இளைத்திருந்தீர்கள். “அக்கா” என்று ஓடிவந்தேன், சொந்தக்காரியைப் பார்த்ததுபோல. நீங்கள் சிரிக்கவில்லை. மீன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டீர்கள்.

“கேக்கறதுக்கு வந்தீங்க. டாக்டர் வந்தாரு, நீங்க வந்தீங்க, பேப்பரை எடுத்துக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. கேட்டது கெடச்சதுக்கு அப்புறம் ஒருத்தரும் வரல மிஸ்ஸி.”

சுற்றிலும் ஈரத் தரையில் ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் அங்கேயே நின்று சொன்னீர்கள். கோயிலில் யாரோ, புருஷனை வெட்டக் கொடுத்துவிட்டாள் என்றார்களாம். காசு வாங்கினாளா என்றுகூட ஒருத்தி கேட்டாளாம். உங்கள் மாமியாருக்கு அது காதில் விழுந்து விழுந்து, தன் பிள்ளையைக் கொடுத்தது பாவமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. உங்கள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, புக்கிட் பாத்தோக்கில் இளைய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நீங்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டும் அந்த வீட்டில்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அது வேலை செஞ்சுதா?”

எனக்குத் தெரியாது. உங்கள் கணவரின் சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதிய எனக்கு, அந்தச் சிறுநீரகங்கள் என்ன ஆயின என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

“கேட்டுச் சொல்றேன்க்கா.”

“சொல்லுவீங்களா?” என்றீர்கள். நம்பாத குரல்.

திங்கட்கிழமை, மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் இருந்த தோழியிடம் போனேன். பெயர் சொல்ல முடியாது, இனம் சொல்ல முடியாது என்றாள். எப்படி இருக்கிறது என்று மட்டும் அவளுடைய மேலதிகாரியிடம் கேட்டுச் சொன்னாள். கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் தூங்கவில்லை. பாதியை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் முதலில் ஒரு தடவை தமிழில் தப்பாகச் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தவள் நான்.

ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் வந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தஞ்சோங் பகாருக்கு வந்தேன். கதவைத் திறந்த நீங்கள் உள்ளே வரச்சொல்லக்கூட மறந்து, “என்ன?” என்றீர்கள்.

“ஒண்ணு வேலை செய்யுதுக்கா. நல்லா வேலை செய்யுது. அதை வாங்குனவர் திரும்ப வேலைக்குப் போறாராம்.”

“ரெண்டும்னு சொல்லுங்க.”

“இல்லக்கா. இன்னொண்ண உடம்பு ஏத்துக்கல. ஒரு மாசத்துல எடுத்துட்டாங்க.”

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். “அதுவும் போயிருச்சா” என்று அழுதீர்கள், அவரே மறுபடியும் போனதுபோல. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மலாய் மாது எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கிளாஸில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். குடித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

“வாங்க, புக்கிட் பாத்தோக் போவோம். நான் சொன்னா அத்தை நம்பமாட்டாங்க. நீங்களே சொல்லுங்க.”

புதிதாக ஓடத் தொடங்கியிருந்த ரயிலில் பாதி வழி, பிறகு பஸ். அம்மா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். உங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்று போனதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே இருந்தார்.

“யாருக்கு வச்சிருக்காங்க? சீனரா, மலாய்க்காரரா, நம்ம ஆளா?”

“சொல்லக்கூடாதும்மா. எனக்கே தெரியாது.”

அம்மா கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். “ஒண்ணுக்கு நல்லாப் போகுதாமா, அந்த ஆளுக்கு?”

“நல்லாப் போகுதாம்மா.”

“போகட்டும் லா” என்றார் அம்மா. “எம் புள்ள சின்னதுல பாய் பூரா நனைப்பான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நீங்கள் சமையலறைக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்தீர்கள். அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். அன்று நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். மறுமாதம் அவர் தஞ்சோங் பகாருக்கே திரும்பிவிட்டார் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னபோது வார்டில் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு உங்களிடம் அடிக்கடி வந்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்தேன், உங்கள் பெண்களின் திருமணத்துக்கு வந்தேன். ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் சொன்னதே இல்லை. சொன்னால் பெருமை பேசுவதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, என் கண்காணிப்பில் இருந்து உறுப்பு கொடுத்தவர் எவரானாலும் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. அதை யாரும் எனக்கு வேலையாகத் தரவில்லை. அடக்கமோ தகனமோ முடிந்து சில வாரம் கழித்து, என் விடுமுறை நாளில், என்ன ஆயிற்று என்று முதலில் விசாரித்துக்கொண்டு போவேன். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும். வேண்டாம் என்று மறுத்த வீடுகளுக்கும் போயிருக்கிறேன். அவர்களும்தான் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தவர்கள். சில வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் “இனி வராதே” என்றார்கள். வயதான ஒரு சீனர் இரண்டு தடவை சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திறக்காமலே இருந்தார். மூன்றாம் தடவை திறந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவர் பேச்சு வராது. மகளின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தார். அரை மணி நேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது முட்டி வலி, பஸ் ஏறுவது சிரமம். இரண்டு வீடுகளுக்கு மட்டும் இன்னும் போகிறேன் அக்கா. பாசிர் ரிஸ்ஸில் ஒரு தாய் இருக்கிறாள். மகன் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.